துறைமுகம் இல்லாத கரையில் ஒரு துறைமுக நகரம்: வடசென்னை பற்றிய விடைகளும் விவாதங்களும்

துறைமுக நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கடலின் அமைப்பிலிருந்து தொடங்குவார்கள். காற்றுக்கு ஒதுங்க ஒரு குடா, ஆழமான நீர், கப்பல் அணைய ஏற்ற கரை ஆகியவை இருந்தால் நகரம் தானாக வளரும் என்பது அவர்கள் கணக்கு. ஏஜியன் கடலில் சீரோஸ் தீவிலுள்ள எர்முப்போலி இதற்குப் பொருத்தமான சான்று. 1820-களில் கிரேக்க விடுதலைப் போரின்போது கியோஸ், ப்சாரா தீவுகளிலிருந்து உயிர் தப்பி வந்த வணிகர்களும் கப்பலோட்டிகளும் அங்கிருந்த குடாவின் ஓரம் குடியேறினார்கள். சில பத்தாண்டுகளுக்குள் அது கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமாயிற்று. பின்னர் பிரேயஸ் வளர்ந்தபோது தளர்ந்தது. இடத்தைக் கடல் கொடுத்தது, தொழில் தெரிந்த கைகளை அகதிகள் கொண்டுவந்தார்கள்.

வடசென்னையின் கதையை இப்படிச் சொல்ல வழியில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கரை ஏறக்குறைய நேர்கோடு. ஒதுங்குவதற்குக் குடாவும் இல்லை, மறைப்புக்குத் தீவும் இல்லை. கரைக்கு அருகே அலை வரிசை வரிசையாக உடைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வேறு. 1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே இடம் பெற்றது முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, வந்த கப்பல்களெல்லாம் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரமிட்டே நின்றன. அப்படிப்பட்ட கரையில்தான் தென்னிந்தியாவின் பெருந்துறைமுகம் எழுந்தது. அதன் முதுகில்தான் ரயிலும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் வந்து ஏறின. ஏன் இங்கே? யாரால்? யார் செலவில்? முதல் இரு கேள்விகளுக்கு விடை எழுதும் முயற்சி நெடுங்காலமாக நடந்துவருகிறது. மூன்றாவதை எழுப்பத் தொடங்கியது அண்மையில்தான்.

நிறுவனர் கதையும் அதன் எல்லையும்

மிகப் பழைய விடை ஒரு மனிதரின் தேர்வைக் காரணமாகச் சொல்கிறது. பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகானில் கம்பெனியின் பண்டகசாலையை நடத்திய பிரான்சிஸ் டே அங்கே வணிகம் சரியாக நடக்கவில்லை என்று தெற்கே இடம் தேடினார். அப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் 1639-இல் அனுமதி பெற்றார். மொழிபெயர்ப்பாளரான துபாஷி பேரி திம்மப்பா உடனிருந்தார். மறு ஆண்டு ஆண்ட்ரூ கோகனும் சேர்ந்துகொள்ள, புனித ஜார்ஜ் கோட்டையின் வேலை தொடங்கியது. கப்பல் ஒதுங்க முடியாத கரையை டே ஏன் பிடித்தார் என்ற முணுமுணுப்பு அப்போதே இருந்தது. சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள், அவளுக்கு அருகில் இருக்கவே இந்த இடம் என்ற வம்பும் கூடவே வந்தது. 1913-இல் ஹெச். டி. லவ் தொகுத்த சென்னை வரலாற்று நூலுக்குப் பிறகு, அந்த வம்பைத் தொடாமல் நகரத்தின் பிறப்பைச் சொன்னவர்கள் குறைவு.

இதன் குறை வெளிப்படை. ஒருவரின் விருப்பம் ஒரு பண்டகசாலை எழுந்ததை வேண்டுமானால் விளக்கலாம். அது முந்நூற்றைம்பது ஆண்டுகள் நிலைத்ததை விளக்காது. இன்னும் பெரிய குறை, 1639-க்கு முன் இங்கே சில மீன்பிடிக் குப்பங்கள் தவிர வேறெதுவும் இல்லை என்ற படிமத்தை அது பரப்பியது. திருவொற்றியூர் அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். தியாகராசர் கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அதன் கருங்கல் விமானம் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகராக மரபு சொல்லும் பட்டினத்தாரின் சமாதி இருப்பதும் இதே ஊர்க் கடற்கரையில்தான். கோட்டை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்களும் வழிபாடும் நிலவுடைமையும் வேரூன்றிய கரை இது.

தனிமனிதக் கதையை அரசியல் விளக்கமாகத் திருத்தியவர்களும் உண்டு. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியிருந்தார்கள். தெற்கே சாந்தோமில் போர்ச்சுகீசியர். விசயநகரப் பேரரசு சிதறிக்கொண்டிருந்த அந்நேரத்தில், குதிரையும் பாதுகாப்பும் தரக்கூடிய மூன்றாவது ஐரோப்பியக் கூட்டாளி நாயக்கருக்குத் தேவைப்பட்டார். ஆங்கிலேயருக்கோ சுங்கச் சலுகையும் கோட்டை கட்டும் உரிமையும் தேவைப்பட்டன. இந்தப் பார்வை காதலிக் கதையைவிட வலுவானது. ஆனாலும் இது ஒப்பந்தத்தை விளக்குகிறதே ஒழிய, ஒப்பந்தத்துக்குப் பின் வந்த வளர்ச்சியை விளக்கவில்லை.

துணி

இரண்டாவது விடை பொருளாதாரத்திலிருந்து வருகிறது. சோழமண்டலக் கரையின் வணிகத்தை ஆராய்ந்த சின்னப்பா அரசரத்தினம், தமிழ் வணிகர்களின் உலகை எழுதிய கனகலதா முகுந்த் போன்றோர் நம் கவனத்தைக் கடலிலிருந்து நிலத்துக்குத் திருப்பினார்கள். கம்பெனி தேடியது துணியை. தென்கிழக்கு ஆசியாவில் மிளகும் வாசனைப் பொருள்களும் வாங்கச் சோழமண்டலத்துத் துணிதான் செலாவணி. இங்கே துணி மற்ற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு மலிவு என்று டே மேலிடத்துக்கு எழுதினார். கப்பல் எங்கே நிற்கும் என்பதைவிடத் தறி எங்கே ஓடுகிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

இந்த விளக்கத்துக்கு வடசென்னையின் ஊர்களே சாட்சி. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. தண்டையார்ப்பேட்டை 1693-இல் கம்பெனியின் கைக்கு வந்தது. திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி ஆகியவை நுங்கம்பாக்கத்துடன் சேர்ந்து 1708-இல் வந்தன. ஆளுநர் ஜோசப் காலட் திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இன்று காலடிப்பேட்டை. நெய்வது, வெளுப்பது, மடிப்பது, கட்டுவது, கரைக்குச் சுமப்பது என்று துணியின் ஒவ்வொரு கட்டமும் கோட்டைக்கு வடக்கே ஒரு தெருவையோ ஊரையோ உருவாக்கியது. வடசென்னை உழைப்பாளர் நகரமாக இருப்பதற்குத் தொழிற்சாலைகள்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். தொழிற்சாலைக்கு இருநூறு ஆண்டு முன்பே அந்த வேலைப் பிரிவினை இங்கே தொடங்கிவிட்டது என்பதை இந்த ஆய்வுகள் காட்டின.

இருந்தும் இரண்டு இடங்களில் இந்த விடை நொண்டுகிறது. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் துணி கிடைக்காமல் இல்லை. அவை பெருநகரம் ஆகவில்லை. அடுத்து, 19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி வந்து கைத்தறி ஏற்றுமதி நொறுங்கியபோது இந்த நகரமும் சுருங்கியிருக்க வேண்டும். அது சுருங்கவில்லை. துணி நகரத்தைப் பெற்றது என்று சொல்லலாம். வளர்த்து ஆளாக்கியது வேறு ஏதோ.

அலையைத் தாண்டிய கைகள்

மேற்கண்ட இரு விடைகளுமே ஒரு சின்ன இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன: நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே உள்ள நீர். துணி மூட்டை அதைத் தாண்டாமல் வணிகமில்லை. ஆளுநரும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

தாண்டிக் கொடுத்தது மசூலா படகு. அதன் அமைப்பைக் கவனித்தால் இந்தக் கரையின் தன்மை புரியும். பலகைகளை ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். தையலின் உட்பக்கம் வைக்கோலோ நாரோ வைத்து இறுக்கியிருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்து மீளும். துடுப்புப் போடுவோர் பாட்டின் தாளத்துக்கு ஒன்றாக வலிக்க, பின்னால் நிற்பவர் அலையின் ஓட்டம் பார்த்துத் திசை பிடிப்பார். எந்த அலையை விடுவது, எதன் முதுகில் ஏறுவது என்ற முடிவு நொடிக்குள் எடுக்கப்பட வேண்டும். கூடவே கட்டுமரக்காரர்கள் செல்வார்கள். படகு கவிழ்ந்தால் ஆளை மீட்பது அவர்கள் வேலை. மசூலாவே இறங்க முடியாத கொந்தளிப்பிலும் கட்டுமரம் போகும். நீர் புகாதபடி கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தி கொண்டுபோனவர்களும் இவர்களே.

18-ஆம் நூற்றாண்டுச் சென்னையின் உழைப்பாளர்களை ஆராய்ந்த ரவி அகூஜாவின் எழுத்துகளுக்குப் பிறகு, இவர்கள் வெறும் பின்னணி உருவங்களாக இல்லாமல் வரலாற்றின் நடுவே வந்தார்கள். கம்பெனிப் பதிவுகளில் படகோட்டிகள் திருடர்கள், பேராசைக்காரர்கள், அடங்காதவர்கள். அதே பதிவுகளைத் திருப்பிப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இவர்கள் வேலையை நிறுத்தினால் துறைமுகமே நின்றுவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. கூலி விகிதம், தண்டனை, உரிமம் என்று கம்பெனி போட்ட விதிகளெல்லாம் அந்த அச்சத்தின் சுவடுகள். தொழிலாளர் இயக்கம் என்றால் பின்னாளைய சங்கங்களே நினைவுக்கு வரும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பி. பி. வாடியா, திரு. வி. க., செல்வபதி செட்டியார் போன்றோர் முயற்சியால் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியது. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் கொண்டாடிய சிங்காரவேலர் இந்நகரின் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கூட்டாக வேலை மறுக்கும் பழக்கம் இந்தக் கரைக்கு அவர்களுக்கும் முந்தியது என்று கருத இடமுண்டு. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டா என்பதை இன்னும் யாரும் உறுதியாக நிறுவவில்லை.

ராயபுரத்தின் புனித ராயப்பர் ஆலயம் இந்தப் படகுத்தொழில் மக்களின் நினைவுச்சின்னம். படகுத் தொழிலில் இருந்த கத்தோலிக்கர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியது அது. சென்னைத் துறைமுகத்தின் முதல் இரு நூற்றாண்டுகளுக்கான நிறைவான விளக்கம் எது என்று கேட்டால், என் மதிப்பீட்டில் இதுதான்: துணி காரணம், படகோட்டி கருவி. கருவியைச் சொல்லாத வரலாறு பாதி வரலாறு. ஒரே குறை, படகோட்டிகள் தாங்களே எழுதிவைத்த ஆவணம் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் குரலை அவர்களைக் குற்றம் சாட்டியவர்களின் ஏடுகளிலிருந்துதான் வடிகட்ட வேண்டியிருக்கிறது.

கல்லும் மணலும்

நான்காவது விடை பொறியாளர்களுடையது. கடல் கொடுக்காத துறைமுகத்தை மனிதன் கட்டினான் என்பது அதன் சுருக்கம். கடலுக்குள் பாலம் அமைக்கும் யோசனை 1770-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் சென்னையில் இருந்தபோதே எழுந்தது. இரும்புத் தூண்களின் மேல் நீண்ட பாலம் 1860-களின் தொடக்கத்தில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குள் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையம் வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நிலத்தில் நீராவி எஞ்சின், நீரில் தைத்த படகு என்ற பொருந்தாமை நீடிக்க முடியவில்லை. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி இரு கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு வளைந்து, கிழக்கே வாய் திறந்த துறைமுகம் உருவாகத் தொடங்கியது. அடிக்கல்லை 1875 டிசம்பரில் நாட்டியவர் அப்போதைய வேல்ஸ் இளவரசர். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் 12-ஆம் நாள் புயல் வந்து சுவர்களின் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டது. மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் இறுதி நெருங்கிவிட்டது.

கட்டி முடித்த பிறகும் கிழக்கு வாய் வழியே அலையும் மணலும் உள்ளே வந்தன. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயை அடைத்து, வடகிழக்கில் புது நுழைவாயில் அமைத்தார். இன்றைய துறைமுகத்தின் உருவம் பெரிதும் அவருடையது. பின்னர் 1964-இல் ஜவஹர் கப்பல்துறை, தொடர்ந்து எண்ணெய்க்கும் இரும்புத்தாதுக்கும் பாரதி கப்பல்துறை, 1983-இல் நாட்டின் முதல் தனிச் சரக்குப்பெட்டக முனையம் என்று வளர்ச்சி சென்றது. துறைமுக வரலாறுகள் இதைச் சாதனைக் கதையாகவே எழுதுகின்றன. சாதனைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த விடை ஒரு பொருளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது மணல். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலை கரையைச் சாய்வாக அறைந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளும். முதல் காலம் நீண்டது என்பதால் ஆண்டுக் கணக்கில் மணலின் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியே. ஒவ்வொரு குப்பத்து மீனவருக்கும் தெரிந்த செய்தி இது. நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் யாரும் வலை இறக்குவதில்லை. கடலுக்குள் குறுக்கே சுவர் நீட்டினால் மணல் அதன் தென்புறம் தேங்கும், வடபுறத்துக் கரைக்கு வரவேண்டியது வராது. அப்படியே நடந்தது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. இன்று கடல் வெகுதூரம் விலகிப்போயிருக்கிறது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து அழகுபடுத்திய மெரினாவின் பரந்த மணல்வெளியும் இவ்வாறு தேங்கி விரிந்ததுதான். சுவருக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் கரைகள் ஒரு நூற்றாண்டில் சில நூறு மீட்டர் உள்வாங்கின. தெருக்களும் வீடுகளும் கோயில்களும் கடலுக்குள் போயின.

மெரினாவையும் வடசென்னையின் கடல் அரிப்பையும் தனித்தனிச் செய்திகளாகப் பார்க்கும் வழக்கம் நமக்கு ஊறிவிட்டது. ஒன்று சுற்றுலாப் பக்கத்தில் வரும், மற்றது பேரிடர்ப் பக்கத்தில். அவை ஒரே சுவரின் இரு புறங்கள். தென்சென்னை மாலையில் காற்று வாங்கும் மணலின் ஒரு பங்கு, வடசென்னைக் குப்பங்களின் முற்றத்துக்கு வந்து சேரவேண்டியிருந்தது. துறைமுகத்தின் செலவுக் கணக்கை எழுதும் எவரும் இதைத் தவிர்க்க முடியாது. பழைய வரலாறுகளில் பெரும்பாலானவை தவிர்த்துவிட்டன.

பரிகாரமாக வந்தவை கல் கொட்டுதலும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கற்தடுப்புகளான தூண்டில் வளைவுகளும். கருங்கல் சுவர் சாலையைக் காப்பாற்றியது, கரையைக் காப்பாற்றவில்லை. கட்டுமரத்தையோ ஃபைபர் படகையோ இழுத்து நிறுத்த மணல் வேண்டும், வலை உலர்த்த இடம் வேண்டும், கரைவலை இழுக்கக் கால் ஊன்ற வேண்டும். கற்குவியலில் இவை எதற்கும் வழியில்லை. தூண்டில் வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் மணல் திரும்பி வந்திருக்கிறது; கடைசி வளைவுக்கு வடக்கே அரிப்பு இடம் மாறிப் போயிருக்கிறது. இது தீர்வா, அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும் வேலையா என்பதில் கடலோரப் பொறியாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கரியும் எண்ணெயும்

விடுதலைக்குப் பிந்தைய விளக்கம் அரசின் திட்டமிடலை முன்வைக்கிறது. துறைமுகம் அருகில், ரயில் உண்டு, நிலம் மலிவு, தண்ணீர் கிடைக்கும், ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே தொழில்கள் இங்கே வந்தன. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. திருவொற்றியூரில் 1950-களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது. கரிக்கென்றே எண்ணூரில் புதிய துறைமுகம் கட்டப்பட்டு 2001-இல் செயல்படத் தொடங்கி, 2014 முதல் காமராஜர் துறைமுகம் என்ற பெயரில் இயங்குகிறது.

இவை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலையான சம்பளமும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுத்தன. ஒரு தலைமுறை எழுந்து நின்றது அதனால்தான். மாசைப் பற்றி மட்டும் பேசும் எழுத்துகள் இதை மறந்துவிடக் கூடாது. இந்த விளக்கத்தின் பலவீனம் அது 'காலி நிலம்' என்று எதைக் கருதியது என்பதில் இருக்கிறது. கொசஸ்தலையாற்று முகத்துவாரமும் அதை ஒட்டிய சதுப்பும் உப்பளங்களும் காலியாக இருக்கவில்லை. இறாலும் நண்டும் மடவையும் அங்கே வளர்ந்தன. காட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம், சிவன்படைக் குப்பம் மக்களின் வருமானம் அது. அனல்மின் நிலையச் சாம்பலைச் செப்பாக்கத்துக் குட்டைக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்து ஆற்றில் சாம்பல் படிந்தது. 2011-இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, ராயபுரம் பகுதி மக்களை மூச்சடைக்க வைத்த நிலக்கரித் தூசிக்கு முடிவு வந்தது. கரி கையாளுதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்குப் போயிற்று. அந்தத் தீர்ப்பு ராயபுரத்துக்கு நியாயம். எண்ணூருக்கு அது என்னவாயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை மக்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அதே மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா பாடிய பொறம்போக்குப் பாடல் எண்ணூர்ச் சதுப்பை 2017-இல் பரவலான பேச்சுக்குக் கொண்டுவந்தது. சூழலியல் வாதம் அதிலிருந்து வலுப்பெற்றது. இதற்கும் விடையளிக்க வேண்டிய கேள்விகள் உண்டு: மின்சாரமும் வேலையும் எங்கிருந்து வரும், ஆலையை நம்பிய தொழிலாளியும் ஆற்றை நம்பிய மீனவரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கும்போது யார் சார்பில் பேசுவது?

ஈர்ப்பு என்று எதைச் சொல்வது?

இந்தக் கரை ஏன் எழுத்தாளர்களையும் திரைக்கலைஞர்களையும் இழுக்கிறது என்பதற்கும் விடைகள் வேறுபடுகின்றன. எஸ். முத்தையா போன்றோரின் பாரம்பரிய எழுத்து கட்டடங்களின் வழியே வந்தது. இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடங்களில் ஒன்றான ராயபுரம், 1910-இல் திறக்கப்பட்ட பார்சி அக்னி ஆலயம், ராயப்பர் ஆலயம் எல்லாம் சில தெருக்களுக்குள். இவற்றைக் காப்பாற்றும் குரல் தேவையானது. ஆனால் அந்த எழுத்தில் கட்டடம் இருக்கும் அளவுக்கு மனிதர்கள் இருப்பதில்லை.

பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்', 'சார்பட்டா பரம்பரை', வெற்றிமாறனின் 'வட சென்னை' ஆகிய படங்கள் மனிதர்களிடமிருந்து தொடங்கின. குத்துச்சண்டை, கால்பந்து, கேரம், கானா என்று இங்கே ஊறிய பழக்கங்களை உழைப்பாளர் பண்பாடாகக் காட்டின. உலகக் கேரம் பட்டம் 2008-இல் வியாசர்பாடியின் இளவழகிக்கும் 2024-இல் இதே வடசென்னையின் காசிமாவுக்கும் கிடைத்தது தற்செயல் அல்ல. மின்விளக்கின் கீழே பலகை போட்டு ஆடும் தெருக்களின் விளைச்சல் அது. எதிர்வாதமும் கவனிக்கத்தக்கது. கத்தியும் கும்பலும் இல்லாமல் வடசென்னையைப் படமாக்க முடியாது என்ற எண்ணத்தைத் திரையே வளர்த்தது என்று இவ்வூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைப்பதும் வேலை கிடைப்பதும் கடினம் என்ற மனக்குறை வெறும் உணர்ச்சியல்ல.

என் கருத்தில் இந்தக் கரையின் ஈர்ப்பு அன்றாட வேலையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலான மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பும் நாளில், விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். ஐஸ் கட்டி உடைபடும் சத்தம், கூடை கைமாறும் வேகம், ஏலக் கூவலில் விலை ஏறி இறங்கும் நுணுக்கம், தரையில் அமர்ந்து மீன் வெட்டும் பெண்களின் கை. அங்கிருந்து சிறிது தூரத்தில் துறைமுகத்தின் ஜீரோ கேட் நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். அந்த நெரிசலைத் தீர்க்க 2009-இல் அடிக்கல் நாட்டிய துறைமுகம்-மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2022-இல் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள்.

இன்னும் முடிவாகாதவை

இதுவரை பார்த்த விடைகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியாது, எதுவும் தனித்து நிற்கவும் முடியாது. நிறுவனர் கதை மிக வலுக்குறைந்தது. துணியும் படகும் சேர்ந்த விளக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நன்றாகத் தாங்குகிறது. அதற்குப் பின் கற்சுவரும் அரசின் திட்டமும் காரணங்கள் ஆகின்றன. அவற்றின் விலையை வடக்குக் கரை கொடுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் அந்த விளக்கம் நேர்மையாகிறது.

தீராத கேள்விகள் சில உள்ளன. எண்ணூர்ச் சதுப்பின் எல்லை எது என்பதே சர்ச்சை. 1996-இல் ஏற்கப்பட்ட கடலோர வரைபடத்தில் இருந்த நீர்ப்பரப்பு பின்னர் வந்த வரைபடத்தில் குறைத்துக் காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டு 2017-இல் பெரிதாக எழுந்தது. எல்லையே ஒப்புக்கொள்ளப்படாத இடத்தில் இழப்பை எப்படி அளப்பது? அரிப்பில் சென்னைத் துறைமுகத்தின் பங்கு எவ்வளவு, பின்னர் வந்த எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதும் எளிதல்ல. இவற்றுள் உடனடியானது காட்டுப்பள்ளி. 2012-க்குப் பிறகு செயல்படத் தொடங்கி, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன அந்தத் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிதாக்கும் திட்டம் மீனவர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதற்கு வடக்கே கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே இருப்பது ஒடுங்கிய மணல்திட்டு. மணல் வடக்கே போகும் கரையில் புதிய சுவர் எழுந்தால் அந்தத் திட்டு என்னவாகும் என்பது ராயபுரத்தின் நூற்றைம்பது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தாலே ஓரளவு ஊகிக்கக்கூடியது. ஊகம் போதாது. வடகரையின் பருவவாரியான அளவீடுகளை முழுமையாக வெளியிட்டு, குப்பத்து மக்கள் நீரோட்டம் பற்றிச் சொல்வதையும் அதே ஏட்டில் பதிவு செய்து, அதன் பிறகே அரசு விரிவாக்கத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.